புல் வெட்டும் வண்டி: ஸ்டியரிங் கால் சுற்று சும்மா சுற்றுகிறது, கியர் மாற்றியே ஆக வேண்டுமா?

மலைமேல்_மேஸ்திரி · திங்கள் இரவு 9:40

வணக்கம். ஏற்காட்டில், நாகலூர் போகிற பக்கம் ஒரு தங்கும் விடுதியில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்களிடம் உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தயாரிப்பு, 42 அங்குல டெக் (பிளேடு சுற்றும் அடிக்கூடு), ஒற்றை சிலிண்டர் எஞ்சின். வாங்கி 11 வருடம் ஆகிறது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை.

ஸ்டியரிங்தான் பிரச்சினை. வளையத்தைக் கிட்டத்தட்ட கால் சுற்று திருப்பிய பிறகுதான் முன் சக்கரம் அசைகிறது. நேராக ஓட்டினாலும் வண்டி இடமும் வலமுமாக அலைகிறது. புல் வெட்டிய கோடுகளைப் பார்த்தால் குடிகாரன் நடந்த தடம் மாதிரி இருக்கிறது. முதலாளி மாடியிலிருந்து பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

வெளியில் ஒரு சர்வீஸ் ஆளிடம் காட்டினேன். எட்டிப் பார்த்ததுமே "கியர் போச்சு, செட்டாக மாற்ற வேண்டும், வரவழைக்க மூன்று வாரம், 14,000 ஆகும்" என்றார். மே மாதக் கோடை விழா நெருங்குகிறது. கூட்டம் வருவதற்குள் புல்தரை சரியாக வேண்டும். கியர் மாற்றினால் நிச்சயம் சரியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சங்ககிரி_லாரி · திங்கள் இரவு 10:05

கால் சுற்று ப்ளே (வீண் ஆட்டம்) வைத்துக்கொண்டு நாங்கள் ஏற்காட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியிருக்கிறோம் தம்பி. 🙂 சும்மா சொன்னேன், அது பழைய காலம். இப்போது அப்படி ஓட்டினால் எங்கள் வீட்டிலேயே அடி விழும். யாராவது விவரம் தெரிந்தவர் வருவார், பொறுங்கள்.

ஆத்தூர்_டிராக்டர் · செவ்வாய் காலை 6:15

கியர் பல் தேய்ந்திருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பி, அரம் போட்டுப் பல்லின் வடிவத்துக்கு ராவி எடுங்கள். நான் 30 வருடமாக டிராக்டர் வேலை பார்க்கிறேன். மாற்றுப் பாகம் கிடைக்காத காலத்தில் இப்படித்தான் ஓட்டினோம். 14,000 எல்லாம் தண்டம்.

சேலத்து_லேத் · செவ்வாய் காலை 8:30

ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்த இடத்தில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. டிராக்டர் கியர் கனமானது, சூடு தாங்கும். புல் வெட்டும் வண்டியில் இருப்பது விசிறி மாதிரி வெட்டிய தகடு, ஐந்தாறு மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். அதில் வெல்டிங் வைத்தால் தகடு கோணிக்கொள்ளும். அப்புறம் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தளரும்.

மேஸ்திரி தம்பி, அதற்கெல்லாம் முன்னால் ஒன்று கேட்கிறேன். ஆட்டம் கியரில்தான் இருக்கிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பார்த்தீர்களா, இல்லை சொன்னதைக் கேட்டீர்களா?

என் பட்டறைக்கு இந்த மாதிரி வண்டி நாலைந்து வந்திருக்கிறது. வளையத்திலிருந்து சக்கரம் வரை ஏழெட்டு மூட்டு இருக்கிறது. வளையம், அது உட்காரும் தண்டு, தண்டின் அடியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், அது கடிக்கும் விசிறிப் பல், அதிலிருந்து இழுக்கும் ராட், ராடின் இரண்டு முனை, இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் டை ராட், அதன் இரண்டு முனை, கடைசியாக முன் சக்கரம் திரும்புகிற கிங்பின் என்ற தண்டும் அதன் புஷ்ஷும் (தண்டு ஆடாமல் திரும்ப ஓட்டைக்குள் போடும் குழாய்). ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் வளையத்தில் வந்து சேரும்போது கால் சுற்றாகிவிடும். ஒரே திருடன் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மைதானக்காரன் · செவ்வாய் காலை 9:10

லேத் அண்ணன் சொல்வது சரி. கோவையில் விளையாட்டு மைதானம் பார்த்துக்கொள்கிறேன், எங்களிடம் இந்த வகை வண்டி மூன்று உண்டு. பார்க்கும் முறை இது:

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள், ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்கள், பேட்டரி நெகட்டிவையும் எடுத்துவிடுங்கள். அடியில் பிளேடு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இப்போதைக்கு ஜாக்கி வேண்டாம். சக்கரம் தரையில் அழுந்தியிருந்தால்தான் ஆட்டம் தெரியும்.

வளையத்தின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். எதிரே பானட்டில் ஒரு கம்பியைக் குறிமுள் மாதிரி கட்டுங்கள். ஒருவர் மேலே உட்கார்ந்து வளையத்தை மெதுவாக இடமும் வலமும் அசைக்கட்டும். சக்கரம் அசையாமல் வளையம் மட்டும் எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கீழே படுத்து, மேலிருந்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். இந்தப் பக்கம் அசைகிறது, அந்தப் பக்கம் அசையவில்லை என்றால் அந்த இடத்தில் போகிறது.

அதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பெரும்பாலும் 12 முதல் 14 பி.எஸ்.ஐ. தான் வேண்டும். ஒன்று 8, ஒன்று 20 என்று இருந்தால் புது வண்டி கூட அலையும்.

மலைமேல்_மேஸ்திரி · புதன் மாலை 6:50

நன்றி அண்ணா. இன்று மதியம் மூடுபனி இறங்கி வேலை நின்றுவிட்டது, அதனால் நேரம் கிடைத்தது.

காற்று: இடது 9, வலது 16. வெட்கமாக இருக்கிறது. இரண்டையும் 14 ஆக்கினேன்.

வளையத்தின் ஓரத்தில் வீணாகப் போவது மொத்தம் 240 மில்லிமீட்டர்.

கீழே படுத்துப் பார்த்தேன். வண்டி ஓட்டும் பையன் மேலே உட்கார்ந்து அசைத்தான். பினியன் சுற்றுகிறது. ஆனால் சுற்றுவதற்கு முன்னால் பக்கவாட்டில் நகர்கிறது! தண்டின் அடிமுனை ஒரு தகட்டு ஓட்டையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பிளாஸ்டிக் புஷ் இருந்திருக்க வேண்டும், அதன் துண்டு ஒன்று கிரீஸில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது, 4 மில்லிமீட்டருக்கு மேல் ஆடுகிறது.

அதனால் ஒரு சோதனை செய்தேன். சவுக்குக் கட்டையில் ஆப்பு செதுக்கி, தண்டின் அடிமுனை ஆடாதபடி இறுக்கிவிட்டு மறுபடி அளந்தேன். 240 இருந்தது 140 ஆகிவிட்டது. அதாவது 100 மில்லிமீட்டரை அந்த ஒரு ரூபாய் புஷ்ஷே தின்றிருக்கிறது.

சேலத்து_லேத் · புதன் மாலை 7:20

சபாஷ்! ஆப்பு வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. மீதி 140-ஐயும் இதே மாதிரி பிரியுங்கள். விசிறிப் பல்லைக் கையால் பிடித்துக்கொண்டு வளையத்தை ஆட்டினால் வருவது பல் இடைவெளி. இழுக்கும் ராடைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அதன் முனை.

ஆத்தூர்_டிராக்டர் · புதன் இரவு 8:00

நான் கியர் என்று சொன்னது வண்டியைப் பார்க்காமல் சொன்னது. வெல்டிங் பேச்சை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன். 🙂

மலைமேல்_மேஸ்திரி · வியாழன் மதியம் 1:30

பிரித்துவிட்டேன். பல் இடைவெளி 60. ராடுகளின் முனைகள் எல்லாம் சேர்ந்து 50. கிங்பின் புஷ் 30. ஆக, 14,000 கொடுத்துக் கியர் செட் மாற்றியிருந்தால் 240-ல் 60 மட்டும்தான் போயிருக்கும். முதலாளியிடம் சொன்னேன், இந்தத் தடவை சிரிக்கவில்லை.

விசிறிப் பல்லின் நடுவில் நாலைந்து பல் கத்தி மாதிரி கூர்ந்திருக்கிறது. ஓரத்துப் பற்கள் புதுசு மாதிரி இருக்கின்றன. விசிறிப் பல் சுழலுகிற பிவட் போல்ட் ஒரு நீள ஓட்டையில் இருக்கிறது. தளர்த்திப் பினியனை நோக்கித் தள்ளினால் ஆட்டம் குறைகிறது. ஆனால் முழுதாக ஒடிக்கும்போது வளையம் கல் மாதிரி இறுகிக்கொள்கிறது. ஏன்?

சேலத்து_லேத் · வியாழன் மதியம் 2:45

நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது, அதனால் நடுப்பல் தேய்கிறது. ஓரத்துப் பல் முழு ஒடிப்புக்கு மட்டும் வருவதால் தேயவில்லை. நடுவுக்கு ஏற்ப நெருக்கினால் ஓரம் முட்டும். ஓரத்துக்கு ஏற்ப விட்டால் நடு தளரும். ஓரம் உரசாமல் லேசாகத் திரும்புகிற அளவுக்கு மட்டும் நெருக்குங்கள், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். நெருக்கிய பிறகு இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒரு முறை முழுதாகச் சுற்றிப் பார்க்காமல் போல்ட்டை இறுக்க வேண்டாம். மலைச்சரிவில் ஸ்டியரிங் இறுகிக்கொண்டால் தளர்ந்திருப்பதை விட மோசம்.

மைதானக்காரன் · வியாழன் மாலை 4:00

விசிறிப் பல்லைக் கழற்றித் திருப்பிப் போடலாமே? எங்கள் ஆள் ஒருவன் அப்படிச் செய்ததாகச் சொன்னான்.

சேலத்து_லேத் · வியாழன் மாலை 4:20

திருப்பினாலும் நடுப்பல் நடுவில்தான் நிற்கும். இடது வலது மாறும், அவ்வளவுதான். பலன் கொஞ்சம்.

அதை விட நல்ல தந்திரம் ஒன்று இருக்கிறது. தேய்ந்தது விசிறி மட்டும் இல்லை, பினியனிலும் நேராக ஓடும்போது கடிக்கிற இரண்டு மூன்று பல்தான் அதிகம் தேய்ந்திருக்கும். அதற்கு நேர் எதிர்ப்புறப் பற்கள் பரவாயில்லாமல் இருக்கும். தண்டை வெளியே எடுத்து, அரைச் சுற்று திருப்பி மறுபடி கோர்த்துவிடுங்கள். இப்போது நல்ல பல் நடுவுக்கு வரும். வளையம் தலைகீழாகத் தெரியும், அதை மட்டும் கழற்றி நேராகப் போட்டுக்கொள்ளலாம். பினியன் வட்டமானது என்பதால் ஒடிப்பின் எல்லை மாறாது. அந்த எல்லை வேறு இடத்தில் இருக்கிறது.

தண்டையும் அடித் தகட்டையும் கழற்றிக்கொண்டு சேலம் வாருங்கள். காலர் (விளிம்பு) வைத்த கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் கடைந்து தருகிறேன். தகடு மெலிசு, வெறும் புஷ்ஷை அடித்து ஏற்றினால் ஒரே மாதத்தில் கழன்றுவிடும். தகட்டின் கீழே ஒரு சின்ன வளையம் பற்றவைத்து அதில் புஷ்ஷை உட்கார வைக்க வேண்டும். (ஆத்தூர் ஐயாவுக்கு மகிழ்ச்சி, வெல்டிங் வந்துவிட்டது.)

ஒன்று கவனம். அமெரிக்க வண்டி, எல்லாம் அங்குலக் கணக்கு. தண்டு 3/4 அங்குலம் என்றால் 19.05 மில்லிமீட்டர். கடையில் 20 மில்லிமீட்டர் புஷ் வாங்கி "கிட்டத்தட்ட சரி" என்று போட்டால், புதிதாகவே ஒரு மில்லிமீட்டர் ஆட்டத்தோடு ஆரம்பிப்பீர்கள்.

மிளகுக்கொடி · வியாழன் இரவு 9:15

நானும் மலைக்காரிதான், காபித் தோட்டம். எங்கள் பங்களா முன்னால் இருக்கிற புல்தரை ஒரு பக்கம் நல்ல சரிவு. தளர்ந்த ஸ்டியரிங்கோடு அதைக் குறுக்கே ஓட்டி, வண்டி சில்வர் ஓக் மரத்தில் போய்ச் சாய்ந்து நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். சரிசெய்கிற வரைக்கும் சரிவுப் பக்கம் போகாதீர்கள் தம்பி. சரிசெய்த பிறகும் குறுக்கே ஓட்டாதீர்கள்.

மைதானக்காரன் · வியாழன் இரவு 9:50

அக்கா சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். இந்த வகை வண்டிகளின் கையேட்டில் சரிவு எல்லை பொதுவாக 15 டிகிரி. அளக்கக் கருவி வேண்டாம். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் வைத்து, ரசமட்டம் பார்த்துச் சமமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் இடையே 27 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அந்த இடம் உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கு இல்லை, கை மெஷினுக்கு. மற்ற இடத்தில் மேலும் கீழுமாக மட்டும் ஓட்டுங்கள். ஏற்காட்டில் காலைப் பனி காயாத புல் சோப்பு போட்ட தரை மாதிரி. பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

மலைமேல்_மேஸ்திரி · சனி இரவு 8:30

இன்று சேலம் போய் வந்தேன். தண்டு, தகடு, ராடுகள், கிங்பின் எல்லாம் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காபிக்கொட்டை இவ்வளவு கனமா இருக்குமா?" என்றார். லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் சாக்கு சறுக்கிக்கொண்டு போய் முன்சீட்டுக்காரர் காலில் முட்டியது. தண்டும் பினியனும் உள்ளே இருந்தும் நேராகப் போகத் தெரியவில்லை.

லேத் அண்ணன் பட்டறையில் பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். டீ மூன்று. வேலை நடந்தது இப்படி:

அடித் தகட்டுக்கு வளையம் பற்றவைத்துக் கன்மெட்டல் புஷ். கிங்பின்னுக்கும் கன்மெட்டல் புஷ், கிரீஸ் போக உள்ளே ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார்.

ராடு முனைகளில்தான் மண்டை காய்ந்தது. பழைய முனையின் மரை 3/8 அங்குல நெருக்க மரை. கடையில் கிடைப்பது எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் மரை. நான் நட்டை வைத்து ஒரு திருகு திருகிப் பார்த்தேன், அண்ணன் கையில் தட்டினார். கடைசியில் இரண்டு ராடையும் புதிதாகவே கடைந்துவிட்டார். ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. முனைக்கு நான்கு பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) வாங்கினோம். சக்கரக் கையில் இருந்த ஓட்டையை 10 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினால் போதும், அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

எல்லாம் சேர்த்து 4,300 ஆயிற்று, பஸ் சார்ஜ், சாப்பாடு தவிர.

சேலத்து_லேத் · சனி இரவு 9:00

நான்கு ஜாயிண்ட்டிலும் ஸ்பிளிட் பின் அல்லது நைலான் நட்டு கட்டாயம். பழைய வண்டியில் இருந்த கிளிப் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுத் திருகாணி அளவுக்குக்கூட இல்லை. எப்படி இவ்வளவு நாள் தாங்கியது என்றே தெரியவில்லை. ஓடும்போது ஒன்று கழன்றால் ஒரு சக்கரம் கோயிலுக்கும் ஒரு சக்கரம் ஏரிக்கும் போகும்.

இன்னொன்று. பல்லில் கிரீஸை அப்பாதீர்கள். கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிக்கிற நிப்பிள் வழியாகத் தாராளமாக அடியுங்கள், பழைய அழுக்கு வெளியே வரும் வரை. ஆனால் பினியன் திறந்தவெளியில் இருக்கிறது. அங்கே கெட்டியாகப் பூசினால் செம்மண்ணும் புல்தூளும் ஒட்டி அரைக்கிற மாவாகிவிடும். உங்கள் நடுப்பல் கத்தியானதற்கு அதுவும் காரணம். துடைத்துவிட்டு மெல்லிசாகத் தடவினால் போதும்.

மலைமேல்_மேஸ்திரி · ஞாயிறு மாலை 5:40

பூட்டிவிட்டேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் பழைய தேக்குக் கட்டை அடுக்கினேன். ஹாலோ பிளாக் வைக்கலாம் என்று பையன் தூக்கிக்கொண்டு வந்தான், திட்டி அனுப்பினேன். அது எந்த நொடியில் நொறுங்கும் என்று சொல்ல முடியாது.

தண்டை அரைச் சுற்று திருப்பிக் கோர்த்தேன். நம்பவே முடியவில்லை, பல் இடைவெளி 60 இருந்தது 25-க்கு வந்துவிட்டது.

மொத்த ஆட்டம் இப்போது 35 மில்லிமீட்டர். 240-லிருந்து.

ஆனால் ஓட்டிப் பார்த்தால் இன்னும் லேசாக இடது பக்கம் இழுக்கிறது. புல் கோடு நேராக வருகிறது, கையை விட்டால் சாய்கிறது.

ஆத்தூர்_டிராக்டர் · ஞாயிறு மாலை 6:10

ராடு புதிதாகக் கடைந்தீர்கள், டோ (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பார்த்தீர்களா? இதற்கு என்னிடம் கேளுங்கள், இது டிராக்டருக்கும் ஒன்றுதான். வளையத்தை நேராக வைத்துக் கட்டுங்கள். இரண்டு முன் டயரின் முன்பக்கத்தில், அச்சு உயரத்தில், நடுக்கோட்டுக்கு நடுக்கோடு அளவு எடுங்கள். அதே உயரத்தில் டயரின் பின்பக்கமும் எடுங்கள். முன்னளவு பின்னளவை விட 3 முதல் 6 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். டை ராடின் ஒரு முனை இடது மரை என்றீர்களே, பூட்டு நட்டைத் தளர்த்தி ராடைச் சுற்றினாலே அளவு மாறும். இரண்டு சக்கரமும் வண்டிக்கு நேராக நிற்கிறதா என்பது வேறு, அதை இழுக்கும் ராடில் சரிசெய்யுங்கள். முதலில் டை ராட், பிறகு இழுக்கும் ராட். மாற்றிச் செய்தால் இரவு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

மலைமேல்_மேஸ்திரி · திங்கள் மதியம் 12:20

ஐயா, கும்பிடுகிறேன். முன்னளவு பின்னளவை விட 11 மில்லிமீட்டர் அதிகம் இருந்தது! இப்போது 4 குறைவாக வைத்தேன். அப்புறம் இழுக்கும் ராடில் ஒன்றரைச் சுற்று. இழுப்பு நின்றுவிட்டது.

பையன் ஏறி ஒரு வரிசை வெட்டிவிட்டு இறங்கி வந்து, "அண்ணா, வண்டி சொன்ன பேச்சு கேக்குது" என்றான். ஆனால் பழைய பழக்கத்தில் வளையத்தை அளவுக்கு அதிகமாகத் திருப்பி, ரோஜாப் பாத்தி ஓரத்தை ஒரு கடி கடித்துவிட்டான். தோட்டக்காரர் இன்னும் அவனோடு பேசவில்லை.

மிளகுக்கொடி · திங்கள் மாலை 3:00

சந்தோஷம் தம்பி. என் வண்டியிலும் அடிப் புஷ் பார்த்தேன், இல்லவே இல்லை! லேத் அண்ணா, அடுத்த வாரம் சாக்கோடு வருகிறேன். தகட்டோடு தண்டும் வேண்டுமா, தகடு மட்டும் போதுமா?

சேலத்து_லேத் · திங்கள் மாலை 3:25

தண்டும் வேண்டும் அக்கா. புஷ் உட்காருகிற இடத்தில் தண்டே தேய்ந்திருக்கும், அளந்துதான் உட்துளை கடைய முடியும். செவ்வாய்க்கிழமை கரண்ட் இருக்காது என்று சொல்லியிருக்கிறார்கள், புதன் வாருங்கள். சாக்கை முன்சீட்டுப் பக்கம் வைக்க வேண்டாம்.